அம்மம்மாவின் முரசு
போன கிழமை கிணற்றடியில் அம்மம்மா வாய் கொப்பளித்துத் துப்பிய தண்ணீரில் இளஞ்சிவப்பாக இரத்தம் ஓடியது. கேட்டால், "வயது போனால் பல் முரசு கரையும்தானே பிள்ளை" என்கிறார். இல்லை, அம்மம்மா. அது ஈறு நோய்.

உப்புத் தண்ணீர் நல்லதுதான், ஒரு குவளை இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளித்தால் வீக்கமும் நோவும் கொஞ்சம் தணியும். கராம்பில் உள்ள யூஜினோல் வலியை மரக்கச் செய்யும், ஆனால் கராம்பு எண்ணெயை அப்படியே முரசில் பூசாதீர்கள், எரித்துப் புண்ணாக்கிவிடும். வேப்பங்குச்சியையும் நுனியை நன்றாக மென்று பஞ்சாக்கிய பிறகு மெதுவாகத்தான் தேய்க்க வேண்டும்.

ஆனால் பல்லடியில் கல்லாக இறுகிய காரையை எந்த மூலிகையும் கரைக்காது. அதைப் பல் வைத்தியர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். அம்மம்மாவுக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது, சீனி கூடினால் முரசு மோசமாகும், முரசு கெட்டால் சீனியும் அடங்காது. வெற்றிலை, பாக்கு, புகையிலையைத்தான் அவர் விடமாட்டேன் என்கிறார். புகையிலை சேர்க்காமல் பாக்கை மட்டும் மென்றாலே வாய்ப் புற்றுநோய் வரக்கூடும். திங்கட்கிழமை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன்.