கோவில்பட்டில இருந்து எழும்பூர் வந்து ஓவியம் படிச்சது: காசு எங்க போச்சு, எப்படி சமாளிச்சேன்

எங்க ஊர் பக்கம் இருந்து பைன் ஆர்ட்ஸ் படிக்க சென்னை வரணும்னு நினைக்கிற பிள்ளைங்க என்கிட்ட முதல்ல கேக்குறது "அக்கா, மொத்தம் எவ்ளோ ஆகும்"னுதான். நாலு வருஷம் படிச்சு முடிச்சு இப்போ இங்கயே இருந்து வேலை செஞ்சுட்டு இருக்கேன், அதனால தெரிஞ்சத எழுதிடுறேன். சுருக்கமா சொன்னா படிப்புக்கு செலவு கம்மி, சாப்பாட்டுக்கு வழி இருக்கு, கலர் சாமானுக்கும் வழி இருக்கு, ஆனா ஒரு படத்தை விரிச்சு வச்சு நின்னு வரையுறதுக்கு ஒரு இடம் வேணும் பாருங்க, அதுதான் இந்த ஊர்ல ரொம்ப விலை.

அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை, அப்பா லோடு வண்டி ஓட்டுறாரு. பிளஸ் டூல நல்ல மார்க், அதனால எல்லாரும் பி.காம் போ, நர்சிங் போன்னுதான் சொன்னாங்க. அப்பாகிட்ட நான் பேசினது எங்க ஆச்சி வீட்டு சாமி படத்த வச்சுதான். அந்த காலண்டர் படங்கள வரைஞ்ச கொண்டையராஜு மெட்ராஸ் ஓவியக் கல்லூரில படிச்சவரு, நாடகக் கம்பெனிக்கு சீன் வரையப் போயி கடைசில எங்க கோவில்பட்டிலயே தங்கிட்டாரு, சிவகாசில அச்சாகி நாடு முழுக்க வீட்டுக்கு வீடு மாட்டினது அவரும் அவர் சிஷ்யருங்களும் வரைஞ்ச படங்கதான். "அவர் படிச்ச அதே காலேஜ்தான்ப்பா"ன்னு சொன்னதுக்கு அப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "சரி, பீஸ் கேட்டுட்டு வா"ன்னாரு.

பீஸ் பத்தி பயப்படவே வேண்டாம். அந்தக் காலேஜ்தான் இப்போ எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரி, 1850ல ஆரம்பிச்சது, பெரியமேடு பக்கம் ஈ.வெ.ரா. பெரியார் சாலைல இருக்கு, எங்க ஊர்ல இருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல ஏறினா எழும்பூர்ல எறங்கி நடந்தே போயிடலாம். பெயிண்டிங், சிற்பம், செராமிக், டெக்ஸ்டைல், பிரிண்ட் மேக்கிங், விஷுவல் கம்யூனிகேஷன்னு பிரிவுங்க இருக்கு. அரசு கல்லூரிங்கறதால தனியார்ல கேக்குற தொகையோட ஒப்பிடவே முடியாது. மார்க் மட்டும் பத்தாது, அங்க போயி வரைஞ்சு காட்டணும். அதுக்கு தனியா கோச்சிங் போக எனக்கு வசதி இல்ல. பஸ் ஸ்டாண்ட்ல, சந்தைல உக்காந்து ஆளுங்கள வரைஞ்சு பழகினதுதான் என் கோச்சிங், அது போதுமானதா இருந்துச்சு. ஊர்ல அரசு நடத்துற டிராயிங் லோயர், ஹையர் பரீட்சை எழுதி இருந்ததால கை ஓரளவு பழகி இருந்துச்சு. நீங்களும் அந்த ரெண்டு பரீட்சையயும் எழுதி வச்சுக்கோங்க, பின்னாடி டிராயிங் டீச்சர் வேலைக்குப் போகணும்னாலும் அந்த சர்டிபிகேட் கேப்பாங்க.

தங்குறதுக்கு அரசு நல விடுதிங்க இருக்கு, பிற்படுத்தப்பட்டோருக்கு தனி, ஆதிதிராவிடருக்கு தனி, தங்கறதும் சாப்பாடும் இலவசம். வருமானச் சான்று, சாதிச் சான்று எல்லாம் ஊர்லயே கையில வாங்கிட்டு வந்துடுங்க, இங்க வந்து அதுக்காக மறுபடி ரயில் ஏறுறது வீண் செலவு. எனக்கு விடுதி கிடைச்சதாலதான் படிப்பே நடந்துச்சுன்னு சொல்லணும். ரெண்டாவது வருஷம் படிக்கிறப்போ, 2022 செப்டம்பர்ல புதுமைப் பெண் திட்டம் வந்துச்சு, ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளில படிச்ச பொண்ணுங்களுக்கு மாசம் 1000 ரூபா நேரா பேங்க் அக்கவுண்ட்டுக்கு. வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு ஆயிரம் சின்னதாத் தெரியலாம், எனக்கு அது ஒரு மாசத்து பேப்பர், இங்க், போன் ரீசார்ஜ் எல்லாம். வீட்ல கை நீட்டாம கலர் வாங்குனது அந்தக் காசுலதான். அதோட 2021ல இருந்து சாதாரண கட்டண பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, அதனால ஸ்கெட்ச் புக்க எடுத்துட்டு ராயபுரம், சைதாப்பேட்டை, மெரினான்னு எங்க வேணா போயி வரைய முடிஞ்சுது. ஊரை சுத்திப் பாத்து வரையுறது ஒரு ஓவியருக்கு பாதி படிப்பு, அது எனக்கு இனாமா கிடைச்சுது.

விடுதிக்கு வெளிய சாப்பாடுன்னா அம்மா உணவகம். இட்லி 1 ரூபா, பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. சென்ட்ரல் எதிர்ல பெரியாஸ்பத்திரி வளாகத்துலயும் ஒண்ணு இருக்கு. மாசக் கடைசில என் கூடப் படிச்ச பாதிப் பேரு அங்கதான் இருப்போம், அதுல கூச்சப்பட ஒண்ணுமே இல்ல.

சாமான் விஷயம் கொஞ்சம் விரிவா சொல்றேன், இதுலதான் புதுசா வர்றவங்க காசை விடுவாங்க. கடைல ரெடிமேடா விக்கிற கேன்வாஸ் ஆரம்பத்துல தேவையே இல்ல. பாரிஸ் கார்னர் பக்கம் கோடவுன் தெருல காடா துணி மீட்டர் கணக்குல வாங்கி, ஃபெவிகாலும் சாக் பவுடரும் தண்ணி கலந்து ரெண்டு மூணு கோட் அடிச்சு, காஞ்சதும் உப்புத்தாள் போட்டு தேய்ச்சா அக்ரிலிக் போடறதுக்கு அருமையா நிக்கும், ஃப்ரேம் கட்டைய ஆசாரிகிட்ட சொல்லி ஒரே அளவுல மொத்தமா அடிச்சுக்கிட்டா இன்னும் கம்மி. பேப்பருக்கு ஆண்டர்சன் தெரு, கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவங்க வாங்குற இடம். அங்க விதவிதமா தடிமன்ல பெரிய ஷீட்டா வாங்கி நம்மளே வெட்டிக்கலாம். ஆனா ஒண்ணு, கலர்ல மட்டும் ரொம்ப மலிவுக்குப் போயிடாதீங்க, வித்த படம் ரெண்டு வருஷத்துல வெளுத்துப் போச்சுன்னா வாங்கினவங்க மூஞ்சில முழிக்க முடியாது. பத்து கலர் மட்டமா வாங்கறதுக்கு பதிலா நாலு கலர் நல்லதா வாங்கி கலந்துக்கோங்க.

புத்தகத்துக்கு கன்னிமாரா நூலகமும் கோட்டூர்புரம் அண்ணா நூலகமும். பெரிய பெரிய ஓவியப் புத்தகங்க ஒவ்வொண்ணும் ஆயிரக்கணக்குல விலை, அங்க நாள் முழுக்க உக்காந்து பாக்கலாம். கன்னிமாராவ ஒட்டினாப்பல எழும்பூர் மியூசியம், அங்க வெண்கலக் கூடத்துல திருவாலங்காட்டு நடராஜர் முன்னாடி உக்காந்து வரைஞ்சு பாருங்க, உடம்போட எடை எந்தக் கால்ல இறங்குது, இடுப்பு எங்க திரும்புதுன்னு எந்த கிளாஸ்லயும் இவ்ளோ தெளிவா புரியாது. வெள்ளிக்கிழமை லீவு, ஞாபகம் வச்சுக்கோங்க.

சரி, இப்போ இடத்துக்கு வர்றேன். படிக்கிற வரைக்கும் காலேஜ் ஸ்டூடியோ இருந்துச்சு, படிப்பு முடிஞ்ச அன்னிக்கே அதும் போச்சு விடுதியும் போச்சு. சேத்துப்பட்டு பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல மூணு பேர் ரூம்ல ஒரு கட்டில், ஒரு பீரோ, அவ்ளோதான். நாலடி கேன்வாஸ எங்க வைக்கிறது? டர்பன்டைன் வாடைக்கு வார்டன் சத்தம் போட்டாங்க, கூட இருந்த பிள்ளைங்க காலைல ஐ.டி. கம்பெனிக்குப் போறவங்க, அவங்க தூக்கத்தையும் பாக்கணும்ல. தனியா வீடு எடுக்கலாம்னா அட்வான்ஸே பல மாச வாடகை கேக்குறாங்க, அதுலயும் கல்யாணம் ஆகாத பொண்ணு, வேலை ஓவியம்னு சொன்னா கேட்டோடயே அனுப்பிடுறாங்க. என்கூட படிச்சதுல நல்லா வரையுற நாலஞ்சு பேரு இந்த இடத்துலதான் விட்டுட்டு ஊருக்குப் போயிட்டாங்க. திறமை குறைஞ்சு யாரும் போகல, அத நினைச்சா எனக்கு இப்பவும் ஆத்தாமையா இருக்கு.

நான் தாக்குப் பிடிச்சது லைனோகட்டாலதான். லினோலியம் துண்டுல செதுக்கி, மேல இங்க் உருட்டி, பேப்பர வச்சு, பிரஸ் இல்லன்னா எவர்சில்வர் கரண்டியோட முதுகால அழுத்தித் தேய்ச்சா போதும், பிரிண்ட் விழுந்துடும். கட்டில் மேல ஒரு பலகை போட்டா அதுதான் ஸ்டூடியோ. ஒரு பிளாக்ல இருந்து இருபது பிரிண்ட் எடுத்து 1/20, 2/20ன்னு நம்பர் போட்டு கையெழுத்து போட்டா ஒவ்வொண்ணும் அசல்தான், அதனால ஒரு பெயிண்டிங்க இருபதாயிரம் சொல்லி வாங்க ஆளைத் தேடறதுக்கு பதிலா ஐநூறு, எழுநூறுன்னு குடுக்க முடியும், டீச்சருங்க, காலேஜ் பசங்க கூட வாங்குறாங்க. என் படம் எங்க ஊர் மாதிரி சாதாரண வீட்டுச் செவுத்துல தொங்கணும்னு எனக்கு ஆசை உண்டு, அதுக்கும் இதுதான் பொருத்தமா அமைஞ்சுது.

பெருசா எட்சிங், அதாவது உலோக பிளேட்ட ஆசிட்ல அரிச்சு எடுக்குற பிரிண்ட், பண்ண பிரஸ் வேணும், அது சொந்தமா வாங்குற விலையா. கிரீம்ஸ் ரோட்டுல மத்திய அரசோட கலை அமைப்பான லலித் கலா அகாடமியோட மண்டல மையம் இருக்கு, அங்க கிராபிக்ஸ், சிற்பம், செராமிக்னு பொது ஸ்டூடியோங்க வச்சிருக்காங்க. பயோடேட்டா, நம்ம வொர்க்கோட போட்டோ, சர்டிபிகேட் எல்லாம் வச்சு அப்ளை பண்ணணும், இடம் கிடைச்சா குறைஞ்ச கட்டணத்துல வேலை செய்யலாம். இது அங்க இருக்குன்னே பல பேருக்குத் தெரியல. பக்கத்து டேபிள்ல முப்பது வருஷமா பிரிண்ட் பண்ற ஒரு சார் வேலை செய்வாரு, பிளேட்ட ஆசிட்ல எவ்ளோ நேரம் விடணும், இங்க்க எப்படித் துடைச்சு எடுக்கணும்னு அவர் கையப் பாத்தே கத்துக்கிட்டேன்.

வருமானம்னா சனி ஞாயிறு அண்ணா நகர்ல ஒரு அபார்ட்மெண்ட்ல குழந்தைங்களுக்கு டிராயிங் கிளாஸ், லீவு நாள்ல பள்ளிக்கூட சுவர் ஓவியம். சுவர் வேலைக்கு சதுர அடி கணக்குல பேசுங்க, பிரைமர், பெயிண்ட், சாரம் யாரோட செலவுன்னு மொதல்லயே எழுதி வாங்குங்க, பாதி அட்வான்ஸ் கைக்கு வராம பிரஷ் எடுக்காதீங்க. ஒரு இடத்துல முழு சுவரும் முடிச்சுக் குடுத்த அப்புறம் மாசக்கணக்கா இழுத்தாங்க, அந்த மாச வாடகைக்கு அம்மா கம்மல அடகு வச்சு அனுப்பினாங்க.

இந்த மாதிரி வேலைக்குப் போனா கலைஞர் இல்லன்னு சிலர் பேசுவாங்க, காதுலயே போட்டுக்காதீங்க. 1966ல ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமத்த ஆரம்பிச்சப்போ பாத்திக் துணி, கைவினைப் பொருள் செஞ்சு வித்த காசுலதான் நிலம் வாங்கி வீடு கட்டிக்கிட்டாங்க. அவங்களுக்கும் முதல் பிரச்சனை இடம்தான், அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி சேந்து நிக்கறது.

நாங்களும் அதத்தான் செஞ்சோம். மூணு பொண்ணுங்க சேந்து திருநின்றவூர்ல மாடி போர்ஷன் ஒண்ணு எடுத்திருக்கோம், சிட்டிக்குள்ள ஒரு கட்டிலுக்குக் குடுத்த காசுக்கு அங்க மொட்டை மாடியோட ரெண்டு ரூம். சென்ட்ரலுக்கு லோக்கல் ட்ரெயின் மாச சீசன் முன்னூறு ரூபாய்க்கும் கம்மி. குரூப் ஷோ வச்சப்போ ஹால் வாடகைய பங்கு போட்டுக்கிட்டோம், ஃப்ரேம்தான் பெரிய செலவுங்கறதால மூணு பேரும் ஒரே பேப்பர் அளவுல வேலை செய்யறோம், ஒருத்தி ஷோ முடிஞ்சா அதே ஃப்ரேம் அடுத்தவளுக்கு.

இன்னொண்ணு, மத்திய கலாச்சார அமைச்சகத்தோட இளம் கலைஞர் உதவித்தொகை, 18ல இருந்து 25 வயசுக்குள்ள இருக்கவங்களுக்கு மாசம் 5000, ரெண்டு வருஷத்துக்கு. ஓவியம், சிற்பம், கிராபிக்ஸ் எல்லாம் அதுல வருது. நான் அப்ளை பண்ணிட்டேன், குருகிட்ட வாங்குற சான்றுதான் அதுல முக்கியம், கடைசி நேரத்துல போயி நிக்காம முன்கூட்டியே கேட்டு வச்சுடுங்க. அப்புறம் எங்க திருநின்றவூர் வீட்ல கூட இருக்குற ஒரு அக்கா கல்யாணம் ஆகி தை மாசம் கிளம்புறாங்க, அந்த இடத்துக்கு பிரிண்ட் பண்ற பொண்ணு யாராச்சும் இருந்தா சொல்லுங்க, ரோலரும் செதுக்குற உளி செட்டும் ஏற்கனவே வீட்ல இருக்கு.