உயராத 81.5: என்.எச்.எல். ஆஃப்சீசன் நாட்குறிப்பு

செப்டம்பர் 26, 2020

எட்மன்டனில், கொரோனாவால் ஆளில்லாத அரங்கில், வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.-இன் ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்று இன்னும் முடியவில்லை. அதற்குள் வியாபாரம் தொடங்கிவிட்டது. நியூயார்க் ரேஞ்சர்ஸ் தன் டிஃபென்ஸ்மேன் மார்க் ஸ்டாலை டெட்ராய்டுக்கு அனுப்பியிருக்கிறது, கூடவே 2021 டிராஃப்டின் (இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது) இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்றையும். பதிலுக்குக் கிடைத்தது ‘எதிர்காலப் பரிசீலனை’, அதாவது ஒன்றுமில்லை. ஆளையும் கொடுத்து, போகிற வழிக்குக் கையில் பணமும் வைத்து அனுப்பிய கதை.

ரேஞ்சர்ஸுக்கு வேண்டியது ஆள் அல்ல, கேப் (ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பு) கணக்கில் அவர் அடைத்துக்கொண்டிருந்த 5.7 மில்லியன் டாலர் இடம். வழக்கமாக ஆண்டுதோறும் ஏறும் சம்பள உச்சவரம்பு இந்த முறை போன ஆண்டின் 81.5 மில்லியனிலேயே நிற்கிறது. குறைந்தபட்ச வரம்பு 60.2 மில்லியன். வரம்பு ஏறும் என்று நம்பி இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் நீண்ட ஒப்பந்தம் போட்ட அணிகளெல்லாம் இப்போது கையைப் பிசைகின்றன. இடம் வைத்திருக்கும் டெட்ராய்டு அதை விலைக்கு விற்கிறது. இந்தக் கோடை முழுக்க இந்தச் சரக்குக்குத்தான் கிராக்கி.

செப்டம்பர் 30

ஹென்ரிக் லுண்ட்க்விஸ்டை ரேஞ்சர்ஸ் பை-அவுட் செய்துவிட்டது, அதாவது ஒரு பகுதிப் பணத்தைக் கொடுத்து ஒப்பந்தத்தை முன்பே முடித்துவிட்டது. பதினைந்து சீசன் கோல் காத்தவர். கேப்பில் அவர் பெயரில் இருந்தது 8.5 மில்லியன் என்பதால் பலர் ‘8.5 மில்லியன் மிச்சம்’ என்று எழுதுகிறார்கள். அப்படி இல்லை.

26 வயதோ அதற்கு மேலோ ஆனவரை பை-அவுட் செய்தால், மீதமுள்ள அடிப்படைச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுக்க வேண்டும். அது மீதமுள்ள காலத்தின் இருமடங்கில் பிரியும். அவருக்கு மீதம் ஓராண்டு, அடிப்படை 4.5 மில்லியன், சைனிங் போனஸ் (கையெழுத்துக்கான தனித் தொகை) 1 மில்லியன். 4.5-இல் மூன்றில் இரண்டு 3 மில்லியன். இரண்டு ஆண்டுக்குப் பிரித்தால் 1.5, 1.5. சைனிங் போனஸைத் தொட முடியாது. ஆக இந்த ஆண்டு மிச்சம் 4.5-க்கும் 1.5-க்கும் உள்ள வித்தியாசமான 3 மில்லியன்தான். 8.5-இல் அந்த 3 போக, கேப்பில் 5.5 அப்படியே உட்கார்ந்திருக்கும், அடுத்த ஆண்டு இன்னொரு 1.5. ஏஜென்டுகள் ஏன் சம்பளத்தைச் சைனிங் போனஸாக மாற்றச் சொல்லி அடம்பிடிக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம்.

அக்டோபர் 7

டிராஃப்ட் நேற்றும் இன்றும் வீடியோ வழியாக நடந்தது. முதல் தேர்வு லாஃப்ரெனியே, ரேஞ்சர்ஸுக்கு. எதிர்பார்த்ததுதான்.

எனக்கு முக்கியமாகப்படுவது மாலையில் முடிந்த இன்னொரு கெடு. ஒப்பந்தம் முடிந்த இளம் ஆட்டக்காரரின் உரிமையைத் தக்கவைக்க அணி ‘குவாலிஃபையிங் ஆஃபர்’ கொடுக்க வேண்டும். பழைய சம்பளம் 1 மில்லியனுக்கு மேல் என்றால் அதே தொகை, குறைக்க முடியாது. கொடுக்காவிட்டால் அவர் ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணிக்கும் போகலாம்.

ஒட்டாவா டுக்ளேரை விட்டுவிட்டது. இந்த சீசனில் 23 கோல் அடித்து ஆல்ஸ்டார் ஆட்டத்துக்குப் போனவர். வான்கூவர் ஸ்டெச்சரை, டாம்பா வெர்ஹேகியை. எட்மன்டன் கதைதான் வயிற்றெரிச்சல்: அத்தனசியூவுக்காகப் பிப்ரவரியில் இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்தார்கள், இன்று 3 மில்லியன் ஆஃபர் தர மனமில்லாமல் சும்மா விடுகிறார்கள்.

பயம் ஆஃபர் தொகையோடு நிற்பதில்லை. ஆஃபர் கொடுத்தால் ஆட்டக்காரர் ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது சம்பளத்தை நடுவர் தீர்மானிக்கும் விசாரணைக்கு, போகலாம். நடுவர் ஒப்பிடுவது பழைய ஒப்பந்தங்களை, அதாவது தொற்றுக்கு முந்தைய விலையை. 3, 4 மில்லியன் என்று தீர்ப்பு வந்தால் அணி அதை உதறிவிட்டுப் போக விதியில் இடமில்லை. அதைவிடப் பெரிய தொகைக்குத்தான் அந்த உரிமை.

அக்டோபர் 12

ஃப்ரீ ஏஜென்ட் சந்தை திறந்து நான்கு நாள். மேல்தட்டுக்குப் பஞ்சமே தெரியவில்லை. பியட்ராஞ்செலோ வேகாஸுக்கு 7 ஆண்டு, ஆண்டுக்கு 8.8 மில்லியன். க்ரூக் செயின்ட் லூயிஸுக்கு 7 ஆண்டு, 6.5. மார்க்ஸ்ட்ராம் கால்கரிக்கு 6 ஆண்டு, 6. டெய்லர் ஹால் மட்டும் பஃபலோவோடு ஒரே ஆண்டு, 8 மில்லியன். நீண்ட ஒப்பந்தத்தை இந்த விலையில் பூட்டிக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை போலும்.

வேகாஸ் இந்த 8.8-ஐ எங்கிருந்து எடுத்தது? ஸ்டாஸ்ட்னியை (6.5) வின்னிபெக்குக்கும், ஷ்மிட்டை (5.95) ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வுக்கு வான்கூவருக்கும் தள்ளியது. ஷ்மிட் தரத்தில் ஒரு டிஃபென்ஸ்மேனுக்கு மூன்றாம் சுற்று என்பது அடிமாட்டு விலை. நியூயார்க் ஐலண்டர்ஸும் அப்படியே: டெவன் டேவ்ஸை இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளுக்குக் கொலராடோவிடம் கொடுத்தது. கேப் நெருக்கடி இல்லாத ஆண்டில் இந்த விலைக்குத் தொலைபேசியைக்கூட எடுத்திருக்க மாட்டார்கள்.

டாம்பா டைலர் ஜான்சனை வேவர்ஸில் (மற்ற அணிகள் ஒப்பந்தத்தோடு சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்ற பட்டியல்) போட்டுப் பார்த்தது. ஆண்டுக்கு 5 மில்லியன், இன்னும் நான்கு ஆண்டு. கோப்பை வென்று இரண்டு வாரம்கூட ஆகாத அணியின் ஃபார்வர்டு, இலவசம். முப்பது அணிகளில் ஒன்றும் எடுக்கவில்லை. கீழ்நிலை லீகில் ஆடும் மைனர் அணிக்கு இறக்கினாலும் கேப்பில் கழிவது 1.075 மில்லியன்தான் (குறைந்தபட்சச் சம்பளம் 7 லட்சம் டாலர், அதன் மேல் 3.75 லட்சம்). மீதி 3.925 அங்கேயே நிற்கும்.

அக்டோபர் 16

ஜோ தார்ன்டன், டொரான்டோ, 7 லட்சம் டாலர். மேத்யூஸ் 11.634, டவாரெஸ் 11, மார்னர் 10.893, நீலாண்டர் 6.962: நான்கு பேருக்கே 40.489 மில்லியன், மொத்த வரம்பில் கிட்டத்தட்டப் பாதி. மிச்சத்தை வைத்துத்தான் அணியின் மற்ற எல்லா இடத்தையும் நிரப்ப வேண்டும். கபனென், ஆன்ட்ரியாஸ் ஜான்சன் இருவரையும் விற்றது அதனால்தான்.

நவம்பர் 24

உரிமையாளர்கள் ஆட்டக்காரர்களிடம் இன்னும் கேட்கிறார்கள் என்று செய்தி: ஒத்திவைக்கும் சம்பளத்தை 10 சதவீதத்திலிருந்து 26 வரை ஏற்ற வேண்டுமாம். லீகும் ஆட்டக்காரர் சங்கமும் ஜூலையில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் மை காயவில்லை.

லீக் வருவாயில் ஆட்டக்காரர் பங்கு 50 சதவீதம். சம்பளங்கள் அதைத் தாண்டினால், தாண்டியதைத் திருப்பித் தர வேண்டும். அதற்காக ஒவ்வொரு சம்பளக் காசோலையிலும் பிடித்து வைப்பதுதான் எஸ்க்ரோ. இந்த சீசனுக்கு எஸ்க்ரோ 20 சதவீதத்துக்கு மேல் போகாது. ஒப்பந்தத்தின் கடைசி மூன்று ஆண்டுகளில் 6 சதவீதம்.

1 மில்லியன் சம்பளக்காரரை எடுத்துக்கொள்வோம். 10 சதவீதம் ஒத்திவைப்பு. 9 லட்சம் மிச்சம். அதில் 20 சதவீதம் எஸ்க்ரோ, 1.8 லட்சம். கைக்கு வருவது 7.2 லட்சம், அதற்குப் பிறகு வரி, ஏஜென்ட் கமிஷன். ஒத்திவைத்த 1 லட்சம் 2022-23 தொடங்கி மூன்று தவணையாக வரும்.

டிக்கெட் வருவாய் இல்லாமல் 20 சதவீதம் போதவே போதாது. துண்டு விழுவது கடனாக ஏறும். அந்தக் கடன் தீரும்வரை கேப் ஏறாமலோ நத்தையாகவோதான் நகரும், வருவாய் 3.3 பில்லியனைத் தாண்டும்வரை 81.5-தான் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆகவே இப்போது ஒத்திவைப்பைக் கூட்டினாலும் மொத்தக் கணக்கு மாறாது. உரிமையாளர்களுக்கு இந்தக் குளிர்காலத்தில் கையில் ரொக்கம் நிற்கும், அவ்வளவே. சங்கம் மறுப்பது நியாயம் என்றே நினைக்கிறேன்.

டிசம்பர் 20

சீசன் உறுதி. ஜனவரி 13 முதல் 56 ஆட்டங்கள். கூடுதல் ஒத்திவைப்பு இல்லை. அமெரிக்க எல்லை மூடியிருப்பதால் கனடாவின் ஏழு அணிகளும் ஒரே பிரிவில், தங்களுக்குள் மட்டுமே ஆடும். இந்த ஏழு அணிகளும் கனடிய டாலரில் சம்பாதித்து அமெரிக்க டாலரில் சம்பளம் கொடுப்பவை. அரங்கு காலி என்றால் அடி இரட்டிப்பு.

டிசம்பர் 28

டுக்ளேர் பத்து நாளுக்கு முன் புளோரிடாவுடன் 1.7 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார். இன்று அத்தனசியூ: லாஸ் ஏஞ்சலிஸ், ஓராண்டு, 1.2 மில்லியன். எட்மன்டன் தர மறுத்த 3-இல் பாதிகூட இல்லை.

பெரிய செய்தி டாம்பா. குச்செரோவ் (9.5) இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் போகிறார், ரெகுலர் சீசன் முழுக்க இல்லை. நேற்று பக்கெட் (1.65), கோபர்ன் (1.7), 2022-இன் இரண்டாம் சுற்றுத் தேர்வு மூன்றையும் ஒட்டாவாவுக்குக் கொடுத்து, காயத்தால் ஆட முடியாத கபோரிக் (4.875), நில்சன் (2.6) ஒப்பந்தங்களை வாங்கியிருக்கிறது. ஆடாதவர்களை யாராவது வாங்குவார்களா என்று கேட்கிறவர்களுக்கு: நீண்டகாலக் காயப் பட்டியலான எல்.டி.ஐ.ஆர்.-இல் இருப்பவரின் தொகை அளவுக்கு அணி வரம்பைத் தாண்டலாம். மூவரும் சேர்ந்தால் 16.975 மில்லியன், எழுத்தளவில் 98.475 வரை போகலாம்.

இதில் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. காயம்பட்டவரைச் சேர்த்தே கணக்கை 81.5-க்கு ஒட்டி நிறுத்திவிட்டுத்தான் பட்டியலில் போட வேண்டும். 81.0-இல் இருக்கும்போது 9.5-காரரைப் போட்டால் சலுகை 9.0 மட்டுமே, அந்த அரை மில்லியன் போனது போனதுதான். கபோரிக், நில்சன் போன்ற ஒப்பந்தங்கள் அந்தக் கடைசி இடைவெளியை அடைக்கவும் உதவும். ஒட்டாவாவுக்கோ, சும்மா இருப்பவர்களுக்குக் கொடுக்கும் பணத்தில் ஆடுகிற இருவர் கிடைக்கிறார்கள்.

இந்த சீசன் பிளேஆஃபில் கேப் கணக்கே கிடையாது. குச்செரோவ் அதற்குள் குணமாகிவிட்டால் என்ன ஆகும் என்பதை மற்ற அணிகள் இப்போதே யோசித்திருக்கும்.

ஜனவரி 13, 2021

இன்று தொடக்கம். ஹெல்மெட்டில் விளம்பரம், பிரிவுகளின் பெயரில் ஸ்பான்சர்கள். கிடைத்த இடத்திலெல்லாம் காசு தேடுகிறார்கள். சான் ஹோசே சொந்த ஊரில் தடை என்பதால் அரிசோனாவில் முகாமிட்டது.

இனிக் கவனிக்க வேண்டியது தினக் கணக்கு. கேப் நாள்வாரியாகக் கழிகிறது. சீசன் 116 நாள். ஒவ்வோர் அணிக்கும் 4 முதல் 6 பேர் ‘டாக்ஸி ஸ்குவாட்’, அதாவது அணியோடு இருக்கும் கூடுதல் ஆட்டக்காரர்கள். அதில் இருப்பவர் கேப்புக்கு மைனர் அணியில் இருப்பவர் மாதிரி. ஆட்டமில்லாத நாளில் 9 லட்சம் டாலர்க்காரரை அங்கே இறக்கினால் அன்றைக்கு சுமார் 7,760 டாலர் மிச்சம். வேவர்ஸ் தேவைப்படாத இளையவர்கள் அதனால்தான் நாளுக்கு நாள் ஏறி இறங்கப்போகிறார்கள். இன்று முதல் 1 மில்லியன் இடத்தைத் தொடாமல் வைத்திருக்கும் அணி, ஏப்ரல் 12 வர்த்தகக் கெடுவில் 27 நாள் மீதமிருக்கும்போது, 4.3 மில்லியன் சம்பளக்காரரை எடுக்கலாம். எல்.டி.ஐ.ஆர். சலுகையில் ஓடும் டாம்பாவால் இப்படிச் சேர்க்க முடியாது.