டிப்பர் அடித்தால்: நீதவான் நீதிமன்றத்தில் நட்டஈட்டைத் தேடாதீர்கள்

ஓமந்தைக்கும் பரந்தனுக்கும் இடையில் ஏ9 வீதியில் ஒரு டிப்பரோ லொறியோ மோட்டார் சைக்கிளை அடித்தால், அந்தக் குடும்பம் முதலில் அலைவது வைத்தியசாலைக்கு. பிறகு நீதவான் நீதிமன்றத்துக்கு. சாரதி பிணையில் வந்துவிடுவார். தவணைக்கு மேல் தவணை போகும். "வழக்கு நடக்குதுதானே, முடியக் காசு கிடைக்கும்" என்று வீட்டுக்காரர் ஒவ்வொரு தவணைக்கும் போய் நிற்பார்கள். இந்த நம்பிக்கையிலேயே இரண்டு வருடம் ஓடி, கேட்கும் உரிமையே போய்விடுகிறது. வன்னியில் இது திரும்பத் திரும்ப நடப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நீதவான் நீதிமன்றத்தில் நடப்பது பொலிஸ் சாரதிக்கு எதிராகப் போட்ட வழக்கு. கவனயீனத்தால் மரணம் என்றால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, ஆகக்கூடியது 5 வருடச் சிறை. அங்கே நீங்கள் சாட்சி மட்டுமே. நீதவான் ஏதாவது ஒரு தொகையைச் சாரதி கொடுக்கவேண்டும் என்று கட்டளையிடலாம். ஆனால் உழைத்த மனிதன் போன வீட்டின் இழப்பை அந்தத் தொகை எட்டாது. முழு நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நீங்களே வழக்காளியாக நின்று தனி வழக்குப் போடவேண்டும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி அதற்கு விபத்து நடந்த நாளில் இருந்து 2 வருடம்தான். சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்பினாலும், காப்புறுதிக்காரர் "பரிசீலிக்கிறோம்" என்று பதில் எழுதினாலும் அந்த 2 வருடம் நிற்காது. குற்றவியல் வழக்கு முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கலாம். இடையில் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டால், வழக்கேட்டின் உறுதிப்படுத்திய பிரதியை எடுத்து வையுங்கள். குடியியல் வழக்கில் அது பெரிய பலம்.

அடுத்தது, யார் மேல் வழக்குப் போடுவது. பெரும்பாலான வழக்குகள் சறுக்குவது இங்கேதான். சாரதியிடம் கொடுக்க ஒன்றும் இராது. அவரை வேலைக்கு வைத்தவர், அந்த வேலையின் போக்கில் சாரதி செய்த தவறுக்குப் பொறுப்பு. ஆனால் வாகனம் ஒருவர் பெயரில் இருக்கிறது என்பதால் மட்டும் அவர் பொறுப்பாகிவிடமாட்டார். சாரதி அவருடைய வேலையாள், அல்லது அவருக்காக ஓடியவர் என்று வழக்குரையில், அதாவது வழக்கைத் தொடங்கும் மனுவில், சொல்லி நிரூபிக்கவேண்டும். எங்கள் பக்கத்து டிப்பர்களில் எத்தனையோ ஓப்பின் பேப்பரில் ஓடுகின்றன. விற்றவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார், வாங்கியவர் பெயர் மாற்றவில்லை, இன்னொருவர் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார். சீஆர் எனப்படும் வாகனப் பதிவுப் புத்தகத்தில் ஒரு பெயர், காப்புறுதியில் ஒரு பெயர், சாரதிக்குச் சம்பளம் கொடுப்பவர் வேறொருவர். லீசிங் வாகனம் என்றால் முழுமையான உரிமையாளர் என்ற இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு நிறுவனத்தின் மேல் மட்டும் வழக்குப் போடுவது வீண்வேலை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விபரத்தை எடுத்து, சாரதி, கைவசம் வைத்திருப்பவர், பதிவு உரிமையாளர் மூவரையும் எதிராளிகளாக்குவதே பாதுகாப்பு.

மணல், கிரவல் ஏற்றிய டிப்பரில் இன்னொரு நல்ல தடயம் இருக்கும். புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் போக்குவரத்து அனுமதிப்பத்திரம். வாகன இலக்கம், எத்தனை கியூப், எங்கே இருந்து எங்கே என்பதெல்லாம் அதில் உண்டு. அன்றைய ஓட்டம் யாருடைய வியாபாரத்துக்கு என்பதை அந்த ஒற்றைத் துண்டே சொல்லிவிடும். "டிரைவர் தன்ரை பாட்டிலை வண்டியை எடுத்துக்கொண்டு போனவன்" என்று முதலாளி சொல்லவரும்போது இதைவிட நல்ல பதில் கிடையாது. பொலிஸ் வாகனத்தைப் பொறுப்பெடுக்கும்போது இந்தத் துண்டும் கோவையில் சேர்ந்ததா என்று கேளுங்கள். அனுமதிப்பத்திரமே இல்லாமல் ஓடியிருந்தால் அதையும் பதியச் சொல்லுங்கள்.

காப்புறுதி நிறுவனம் பணம் கட்டுவது, காப்புறுதி செய்யப்பட்டவருக்கு எதிராகத் தீர்ப்பாணை கிடைத்த பிறகு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கி, அந்தத் தீர்ப்பின் பணத்தைக் கட்டும் கடமையையும் நிறுவனத்தின் மேல் போடுகிறது. அதற்கு ஒரு நிபந்தனை. வழக்குத் தொடுக்க முன்னரோ, தொடுத்து 7 நாட்களுக்குள்ளோ அந்த நிறுவனத்துக்கு வழக்குப் பற்றிய அறிவித்தல் போயிருக்கவேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கோவையில் குத்தி வையுங்கள். இந்த அறிவித்தல் போகாததால், வென்ற தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு சொத்தில்லாத சாரதியிடம் காசு தேடவேண்டிய நிலை வரும். சட்டத்தரணியிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: "காப்புறுதிக்கு அறிவித்தல் போட்டாச்சா?"

இனி விபத்து நடந்த இடம். பொலிஸ் வரைபடம் வரைவார்கள். ஆனாலும் உங்கள் பக்கத்தில் யாராவது ஒருவர் அன்றே கைத்தொலைபேசியில் படம் எடுக்கவேண்டும். வாகனங்களை அகற்ற முன்னர் எடுத்தால் நல்லது, அகற்றிய பின்னர் என்றாலும் பரவாயில்லை. பிரேக் தடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, கண்ணாடித் தூள் வீதியின் எந்தப் பக்கம், நடுக்கோட்டில் இருந்து எவ்வளவு தூரம். மாங்குளம், புளியங்குளம் பக்கத்துக் காட்டு வீதியில் எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கும். ஆகவே மின்கம்பத்தின் இலக்கமோ, மதகோ, கிலோமீற்றர் கல்லோ படத்தில் விழவேண்டும். அளவுநாடாவை நிலத்தில் வைத்து எடுத்த ஒரு படம் பத்துச் சாட்சிக்குச் சமம். டிப்பரில் பார்க்கவேண்டியது: டயர் பூ தேய்ந்ததா, பின்விளக்கும் சிக்னலும் எரிகிறதா, படங்கு போட்டிருந்ததா, சுமை விளிம்புக்கு மேல் நிற்கிறதா. இரவில் லைட் இல்லாமல் வீதியில் நிறுத்திய லொறியின் பின்னால் மோதுண்டவர்களும் நட்டஈடு கேட்கலாம். அங்கே எச்சரிக்கை முக்கோணம் வைக்கவில்லை, பின்விளக்கு எரியவில்லை என்பதுதான் முழு வழக்கும். அது அந்த இரவோடு மறைந்துபோகும் சாட்சி. கடைகளின் கமராப் பதிவும் சில நாளில் தானாக அழிந்துவிடும். அடுத்த நாளே போய்ப் பிரதி கேளுங்கள்.

வாகனத்தை விடுவிக்க முன்னர் மோட்டார் பரிசோதகர் அதைப் பார்த்து அறிக்கை கொடுப்பார். பிரேக் வேலை செய்ததா என்பதற்கு உரிய சாட்சி அதுதான். வாக்குமூலம் கொடுக்கும்போது தமிழில் எழுதச் சொல்லுங்கள். வட மாகாணத்தில் அது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதியதை வாசித்து விளங்காமல் கையெழுத்துப் போடவேண்டாம். "மாடு குறுக்கை வந்தது" என்ற ஒரு வரி நீங்கள் சொல்லாமலே அதில் இருந்தால், பிறகு அதைத் துடைக்க முடியாது.

செத்தவீட்டுச் செலவுக்கு என்று முதலாளி பக்கம் ஒரு தொகை கொண்டுவருவார்கள். சில இடத்தில் பொலிஸ் நிலையத்திலேயே பேசித் தீர்க்கச் சொல்வார்கள். அந்த உதவியை வாங்குவதில் பிழை இல்லை, சவத்தை வீட்டில் வைத்துக்கொண்டு யாரும் சட்டம் பேசமுடியாது. ஆனால் பற்றுச்சீட்டில் இப்படி எழுதுங்கள்: "இறுதிக்கிரியைச் செலவுக்கான உதவியாக மட்டும் பெற்றுக்கொண்டேன். நட்டஈடு கோரும் எமது உரிமைக்கு இது பாதகமாகாது." "முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு" என்று அச்சடித்த தாள் எதிலும், ஒரு சட்டத்தரணி பார்க்காமல், கையெழுத்து வேண்டாம்.

தொகையைக் கணக்கிடும் முறை சிக்கலானதல்ல, வருமானத்தை நிரூபிப்பதுதான் பாடு. மாதம் 60,000 ரூபா உழைத்தவர், தனக்கென்று 20,000 செலவழித்தவர் என்று வையுங்கள். வீட்டுக்கு வந்தது 40,000, வருடத்துக்கு 480,000. இன்னும் 15 வருடம் உழைத்திருப்பார் என்றால் 7,200,000. ஒரே தடவையில் கையில் வருவதற்கும் வாழ்க்கையின் நிச்சயமின்மைக்கும் நீதிமன்றம் அதில் குறைக்கும். கமக்காரருக்குச் சம்பளச் சீட்டு இல்லை. ஆகவே கமநல சேவை நிலையத்தில் உள்ள வயல் பதிவு, நெல் விற்ற துண்டு, பால் சேகரிப்பு நிலையத்தின் கொடுப்பனவுப் புத்தகம், கடற்றொழிலாளர் சங்கக் கணக்கு, வங்கிப் புத்தகம் எல்லாம் வேண்டும். கிராம அலுவலரின் கடிதம் துணைக்கு உதவும், அதை மட்டும் நம்பமுடியாது. முன்பு மரண வழக்குகளில் பண இழப்பு மட்டுமே கணக்கு. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு நெருங்கிய உறவினர் அன்பையும் பராமரிப்பையும் இழந்ததற்கும் கேட்கலாம். சின்னப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தகப்பனுக்கு இது பெரிய மாற்றம்.

காயப்பட்டவர்களுக்கு ஒரு விசேட கவனம். எங்கள் ஊர்களில் செல்லடிக் காயத்தோடு, உடம்பில் இரும்புத் துண்டோடு, செயற்கைக் காலோடு வாழ்பவர்கள் பலர். எதிராளியின் சட்டத்தரணி "இந்த இயலாமை முந்தியது" என்பார். சட்ட வைத்திய அதிகாரி பார்க்கும்போதே பழைய காயம் எது, புதியது எது, புதியதால் கூடிய இயலாமை எவ்வளவு என்று பிரித்து எழுதும்படி கேளுங்கள். பழைய கிளினிக் கொப்பியை மறைக்காமல் கொண்டுபோங்கள். ஏற்கெனவே பலவீனமான உடம்பை அடித்தேன் என்பது அடித்தவருக்குச் சாட்டாகாது. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பதால் பில் இல்லையே என்று விடவேண்டாம். யாழ்ப்பாணத்துக்குப் போய்வந்த வாகனக் கூலி, வெளியில் வாங்கிய மருந்து, பார்த்துக்கொண்டவர் இழந்த நாட்சம்பளம் எல்லாவற்றையும் திகதி போட்டு எழுதி வையுங்கள்.

உங்கள் பக்கத்திலும் பிழை இருந்தால் வழக்கே இல்லை என்று யாரும் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பிழையின் பங்குக்கு ஏற்பத் தொகை குறையும், அவ்வளவுதான். சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓடியதற்குத் தண்டம் வரும். விபத்துக்கு அது காரணமாக இல்லாவிட்டால் நட்டஈட்டை அது அழிக்காது.

லொறியில் வேலை செய்த உதவியாள் காயப்பட்டால் அவருக்கு வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் போகும் வழி உண்டு. அங்கே முதலாளியின் கவனயீனத்தை நிரூபிக்கத் தேவையில்லை, ஆனால் தொகைக்கு உச்சவரம்பு இருக்கிறது. அதற்கும் மாவட்ட நீதிமன்ற வழக்குக்கும் இடையில் ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம். ஆகவே விண்ணப்பத்தை நிரப்ப முன்னர் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள். முறைப்பாட்டு இலக்கம், வைத்தியசாலை அட்டை, மரண விசாரணை அறிக்கை, காப்புறுதிச் சான்றிதழின் படம், மேலே சொன்ன வருமானத் துண்டுகள் எல்லாம் இரண்டு பிரதி எடுத்து, மூலத்தை வீட்டில் வைத்துவிட்டுப் பிரதியைக் கொடுங்கள். விபத்து நடந்து ஒன்றரை வருடம் கடந்திருந்தால், உள்ளே போனதும் முதலில் அந்தத் திகதியைச் சொல்லுங்கள்.