நாட்டா ஓவியத் தாளுக்குக் கீழ மாசி வீதியில் படித்த கதை

முதல் முறை நாட்டா எழுதியபோது ஓவியத் தாளில் எனக்கு 80-க்கு 29. பள்ளியில் எந்தப் போட்டி நடந்தாலும் பரிசு வாங்குகிற பையன் என்று வீட்டில் நம்பியிருந்தார்கள். நானும்தான்.

தெரியாதவர்களுக்காக: பி.ஆர்க், அதாவது கட்டடக்கலைப் பட்டப்படிப்பில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வு அது. மொத்தம் 200, அதில் 120 கம்ப்யூட்டரில், மீதி 80 கைவேலை. அந்தக் கைவேலைக்கு 90 நிமிடம். வடிவங்களையும் நிறங்களையும் அடுக்கும் வண்ணக் கம்போசிஷன் 25, கறுப்பு வெள்ளை ஸ்கெட்ச் 25, அங்கே தரும் பொருட்களை வைத்துச் செய்யும் முப்பரிமாண வேலை 30. தமிழ்நாட்டு கவுன்சலிங்கில் பிளஸ் டூ மதிப்பெண்ணை 200-க்கு மாற்றி, இதோடு கூட்டித்தான் ரேங்க் போடுகிறார்கள்.

பயிற்சி வகுப்பில் எனக்குக் கிடைத்தது ‘ரெடிமேட் சீன்’. பஸ் ஸ்டாண்டு என்றால் ஒரு படம், சந்தை என்றால் ஒரு படம். அச்சு மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். தேர்வில் கேட்ட கோணம் வேறு. என் மனிதர்கள் தரையிலிருந்து அரை அடி மேலே மிதந்தார்கள்.

ஒரு வருடத்தில் ஒரு முறைக்கு மேல் எழுதலாம் என்பதால் அடுத்ததற்குத் தயாரானேன். இந்த முறை வகுப்புக்குப் போகவில்லை. காலை 7 மணிக்கு ஒரு நோட்டும் 4பி பென்சிலுமாக மதுரை கீழ மாசி வீதியில் விளக்குத்தூண் பக்கம் போய் நின்றுவிடுவேன். இருக்கும் இடத்திலேயே நின்று, கண்ணால் பார்த்து நகரத்தை வரைகிற ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ என்ற கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது; கேப்ரியல் காம்பனாரியோ என்ற பத்திரிகையாளர் 2007-இல் சியாட்டிலில் இருந்து தொடங்கியது. போட்டோ பார்த்து வரைவது அவர்கள் கணக்கில் சேராது. அது ஏன் என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் உறைத்தது.

மளிகை மொத்தக் கடைகளுக்கு முன்னால் சாக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பத்தடி தூரத்தில் ஒருவர், தெருக்கோடியில் ஒருவர். இரண்டு பேர் தலையும் ஒரே மட்டத்தில் தெரிந்தன! நோட்டை கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், சரிதான். நாம் நிற்கும் தரையிலேயே நிற்பவர்கள், ஏறத்தாழ நம் உயரம் இருந்தால், எவ்வளவு தள்ளி நின்றாலும் அவர்கள் கண், நம் கண்மட்டத்தில் ஓடும் தொடுவானக் கோட்டில்தான் இருக்கும். தூரம் போகப் போகக் கால்தான் மேலே ஏறும், தலை இறங்காது. நான் இதுவரை தள்ளி நிற்பவரை அப்படியே சுருக்கித் தாளில் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருந்தேன். மிதந்ததற்குக் காரணம் அதுதான்.

அப்புறம் ஒரு கடை மாடியில் ஏறிப் பார்த்தேன். கோடும் என்னோடு மேலே வந்துவிட்டது. எல்லாத் தலையும் அதற்குக் கீழே. கேள்வியில் ‘மாடியிலிருந்து’ என்று இருந்தால் முதலில் இந்தக் கோட்டைப் போடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

அளவுக்கும் தெருவே ஸ்கேல். ஆட்டோவின் கூரை கிட்டத்தட்ட ஓர் ஆளின் தலை உயரம். கதவு ஏழடி. ஒரு மாடி ஏறத்தாழ பத்தடி. இது கைக்குப் பழகிவிட்டால் ரப்பருக்கு வேலை குறையும். நிழலும் அப்படித்தான். காலையில் கிழக்கு வரிசைக் கடைகளின் நிழல் தெருவில் படுத்து, எதிர்க்கடைப் படியில் மடங்கி மடங்கி ஏறும். அந்த மடிப்பை யாரும் மனதிலிருந்து வரைந்துவிட முடியாது.

தினமும் வந்து நின்றதில் மூலையில் பூ விற்கும் அக்காவுக்குச் சந்தேகம். “ஏப்பா, கார்ப்பரேசன்ல இருந்து அளக்க வந்திருக்கியா? கடையெல்லாம் எடுக்கச் சொல்லிருவாகளா?”

“இல்லக்கா, பரீட்சைக்குப் படிக்கிறேன்.”

“ரோட்டுல நின்னு படிக்கிற படிப்பா?” என்றவர், மறுநாளிலிருந்து தன் குடை நிழலில் இடம் விட்டார்.

வண்ணக் கம்போசிஷனுக்கும் ஊரேதான் கைகொடுத்தது. பீட் மாண்ட்ரியன் என்ற டச்சு ஓவியர் நியூயார்க்கின் தெருக் கட்டங்களையும் ஜாஸ் தாளத்தையும் மனதில் வைத்து 1942–43-இல் ‘பிராட்வே பூகி வூகி’ வரைந்தார். மஞ்சள் கோடுகள், இடையிடையே சிவப்பு, நீலச் சதுரங்கள். அட, மதுரையும் கட்டம்தானே? கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சதுரத்துக்குள் சதுரம். அதை வெட்டி, சாய்த்து, மூன்றே நிறத்தில் நாற்பது முறை போட்டுப் பார்த்தேன். நிறம் கூடினால் திருவிழாக் கடை மாதிரி ஆகிவிடுகிறது. மூன்றில் நிறுத்துவது நல்லது.

முப்பரிமாண வேலைக்குப் பெரிய ரகசியம் இல்லை. பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி, 30 நிமிடத்தில் நிற்க வைத்துப் பழகுங்கள். ஒட்டுவதைவிடக் கீறிச் செருகினால் உறுதியாக நிற்கும்.

இரண்டாவது முறை ஸ்கெட்சில் மழைக்காலக் கடைவீதி கேட்டார்கள். கோடு போட்டேன், தலைகளை அடுக்கினேன், மூலையில் பூக்கூடையும் குடையுமாக அக்காவை உட்கார வைத்தேன். 80-க்கு 56.

விடைத்தாளைத் திருப்பித் தர மாட்டார்கள். அதனால் நோட்டில் பழகிய படத்தைத்தான் அக்காவிடம் காட்ட முடிந்தது. வெகுநேரம் பார்த்தார்.

“எம் மூக்கு இம்புட்டுப் பெருசாவாய்யா இருக்கு?”