தெர்மல் ஸ்கேன் எடுக்கப் போகிறீர்களா?

4,500 ரூபாய் கட்டி எடுத்த தெர்மல் ஸ்கேன் (தோலின் சூட்டைக் கேமராவில் படமாக்கும் சோதனை) அறிக்கையில், என் இடது தோளில் சிவப்பு வட்டம் போட்டு 'நோய் எதிர்ப்பு மண்டலம் அழுத்தத்தில் உள்ளது' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது முந்தின நாள் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்ட இடம்.

முதல் தடவை போனபோது படமே எடுக்கவில்லை. போனில் விசாரித்தபோது "சாப்பிட்டுட்டே வரலாம் மேடம்" என்றதோடு சரி. அன்று வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, காபி குடித்து, தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் பிடித்துப் போய் நின்றால், வரவேற்பில் இருந்த பெண் என் தலையைப் பார்த்ததுமே "எண்ணெய் வெச்சிருக்கீங்களா? இன்னைக்கு முடியாது மேடம்" என்றார். காரணம் நியாயமானதுதான். எண்ணெய், பவுடர், க்ரீம் எதுவாயிருந்தாலும் தோலிலிருந்து வரும் வெப்பக் கதிரை மாற்றிவிடும். காபி ரத்த ஓட்டத்தை மாற்றும். வெயிலில் நடந்து வந்தால் முகமும் கையும் தனியாகச் சூடேறி நிற்கும். இதையெல்லாம் போனில் சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்?

அடுத்த தடவை எல்லாவற்றையும் தவிர்த்துவிட்டுப் போனேன். மேலாடையைக் கழற்றிவிட்டு ஏசி அறையில் கால் மணி நேரம் உட்கார வேண்டும். தோலின் வெப்பம் நிதானத்துக்கு வர அது தேவை. பாதியில் கரண்ட் போனது. ஜெனரேட்டரில் விளக்கு எரிந்தது, ஏசி ஓடவில்லை. கரண்ட் வந்ததும் மறுபடி முதலிலிருந்து நடுங்கல். ஒரு சால்வை கொண்டுபோங்கள், காத்திருக்கும் நேரத்துக்கு உதவும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொல்வார்கள். இந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது என்பதால் அந்த இடம் கருப்பாக விழும். படம் எடுப்பது சில நிமிஷ வேலை.

என் கோபம் படிவத்தைப் பற்றியது. 'சமீபத்தில் தடுப்பூசி போட்டீர்களா?' என்று கேட்டிருந்தார்கள். தேதியோடு எழுதிக் கொடுத்தேன். எண்ணெய் வைத்ததற்காகத் திருப்பி அனுப்பியவர்கள், ஊசி போட்டவளை அப்படியே படம் எடுத்தார்கள்.

ஊசி போட்ட இடத்தில் ரத்த ஓட்டம் கூடும், சூடாகும். கேமரா அதைச் சரியாகத்தான் காட்டியிருக்கிறது. எதிர்ப்பு மண்டலம் தன் வேலையைப் பார்க்கிறது என்பதற்கான அடையாளம் அது. அதையே பலவீனம் என்று எழுதிவிட்டார்கள்! கேமராவுக்குத் தெரிவது தோலின் மேல்பரப்புச் சூடு மட்டும். வெள்ளையணு எத்தனை, எதிர்ப்புப் பொருள் எவ்வளவு என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சிவப்பும் நீலமும்கூட மென்பொருள் பூசுகிற நிறங்கள்தான். வெப்ப அளவுகோலின் எல்லையைக் குறுக்கினால் அரை டிகிரி வித்தியாசமும் நெருப்பாகத் தெரியும். படத்தின் ஓரத்தில் அந்த அளவுகோல் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

கழுத்தில் 'நிணநீர்த் தேக்கம்' என்று இன்னொரு குறிப்பு. கடைசிப் பக்கத்தில் கேப்சூல் பட்டியல். அந்தப் பணத்தையும் பில்லில் சேர்த்தே வாங்கியிருந்தார்கள். "ஊசி போட்டதை ஃபார்மில் எழுதியிருக்கேனே சார்?" என்று ஆலோசகரிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்" என்றார். விடாமல் உட்கார்ந்து கேப்சூல் பணத்தைத் திரும்ப வாங்கினேன். ஸ்கேன் பணம் போனது போனதுதான்.

எங்கள் குடும்ப டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு, 6.1; இயல்பைவிடச் சற்றுக் கூடுதல். "கிருமியை எதிர்க்கணும்னா முதல்ல இந்தச் சர்க்கரையைப் பாருங்கம்மா" என்றார். அவர் எரிச்சலானது அறிக்கையின் வேறொரு வரிக்கு: 'மார்பகம் இயல்பாக உள்ளது.' தெர்மோகிராபி (இந்தத் தெர்மல் ஸ்கேன்தான்) மேமோகிராமுக்கு, அதாவது மார்பக எக்ஸ்ரேவுக்கு, மாற்று ஆகாது என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. என் வயது 48. இந்த ஒரு வரியை நம்பி மேமோகிராமைத் தள்ளிப்போடுகிறவர்கள் எத்தனை பேரோ.

மேமோகிராம் எடுத்தாயிற்று, பிரச்சினை இல்லை. அதற்கும் அக்குளில் பவுடர், டியோடரன்ட் கூடாது; துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி விழலாம். அங்கே இதைப் போனிலேயே சொல்லிவிட்டார்கள்.