எட்டு வேற்றுமைக்கும் ஒரே சுலோகம்: சமஸ்கிருதத் தேர்வுக்கு நான் படித்த விதம்

முதன்முறை தேர்வு எழுதப் போனபோது ராம சப்தம், அதாவது 'ராம' என்ற சொல்லின் வேற்றுமை வடிவப் பட்டியல், எனக்கு மனப்பாடம். ராம:, ராமௌ, ராமா: என்று தொடங்கி மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். ஆனால் ஒரு சுலோகத்தைக் கொடுத்து 'இதில் ராமேண எந்த விபக்தி (வேற்றுமை)?' என்று கேட்டபோது, பட்டியலை முதலிலிருந்து மனத்துக்குள் ஓட்டித்தான் மூன்றாவது என்று கண்டுபிடிக்க முடிந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் இப்படியே போனதில் மொழி வரலாற்றுக் கட்டுரையைத் தொடக்கூட நேரமில்லை. அடுத்த முறை பட்டியலை மூடி வைத்துவிட்டு, ராமரட்சா ஸ்தோத்திரத்தின் இந்தச் சுலோகத்திலிருந்து தொடங்கினேன்:

ராமோ ராஜமணி: ஸதா விஜயதே ராமம் ரமேசம் பஜே
ராமேணாபிஹதா நிசாசரசமூ ராமாய தஸ்மை நம:
ராமாந்நாஸ்தி பராயணம் பரதரம் ராமஸ்ய தாஸோஸ்ம்யஹம்
ராமே சித்தலய: ஸதா பவது மே போ ராம மாமுத்தர

ராமன் வெல்கிறான், ராமனை வழிபடுகிறேன், ராமனால் அரக்கர் படை அழிந்தது, ராமனுக்கு வணக்கம். இப்படி எட்டு வேற்றுமையும் வரிசை மாறாமல் வருகின்றன. தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இந்த வரிசை புதிதல்ல. பெயர், ஐ, ஒடு, கு, இன், அது, கண், விளி என்று தொல்காப்பியம் அடுக்குவதும் இதே வரிசைதான். ஐந்தாவதில்தான் பலர் தடுமாறுவார்கள். 'ராமாத்' என்றால் ராமனிடமிருந்து என்று மட்டும் எழுதினால் இங்கே பொருள் ஒட்டாது. ராமனைவிட மேலான புகலிடம் இல்லை என்பதுதான் கருத்து. 'காக்கையிற் கரிது களாம்பழம்' என்று நாம் படித்த அதே ஐந்தாம் வேற்றுமை.

விபக்திகளின் பெயர்களும் நாள்காட்டியிலேயே இருக்கின்றன. விநாயகர் சதுர்த்தி நான்கு, கந்த சஷ்டி ஆறு, ரத சப்தமி ஏழு. நான்காவதைத் தனியாகப் படிக்கவே வேண்டாம்; 'நமோ நாராயணாய' என்று நாம் கேட்டு வளர்ந்தது அதுதான். 'நம:' வந்தால் நான்காம் வேற்றுமை.

இதற்குப் பிறகு பட்டியலைத் திறந்தால் பயம் குறையும். எட்டு வேற்றுமைக்கும் ஒருமை, இருமை, பன்மை என 24 கட்டங்கள் இருந்தாலும் வெவ்வேறு வடிவங்கள் 17தான். தமிழில் இல்லாத, இரண்டை மட்டும் குறிக்கும் இருமைக்கு மூன்றே வடிவம்: ராமௌ, ராமாப்யாம், ராமயோ:.

நான் அதிகம் மதிப்பெண் இழந்தது ணகரத்தில். ராமேண என்று பழகிய கை தேவேண என்று எழுதிவிட்டது. தேவேன என்பதே சரி. சொல்லில் முன்னால் ர இருப்பதால்தான் ராமேண, ராமாணாம் என்று ணகரம் வருகிறது. ராமான் என்பதில் னகரம் சொல்லின் கடைசியில் நிற்பதால் மாறுவதில்லை. சமஸ்கிருத இலக்கண ஆசிரியர் பாணினி இதற்கெல்லாம் சூத்திரம் வைத்திருக்கிறார். சூத்திரம் மறந்தாலும் காரணம் மறக்கக் கூடாது.

சுலோகத்துக்குப் பொருள் எழுதும் முன் பதம் பிரியுங்கள். ராமாந்நாஸ்தி என்பது ராமாத் + ந + அஸ்தி. சொல் + மாலை 'சொன்மாலை' ஆவதைப்போல, பின்வரும் மெல்லெழுத்து முன்னதைத் தன் இனமாக்குகிறது. பிரித்தபின் வினையைத் தேடி, அதற்கு எழுவாயைத் தேடி, கொண்டுகூட்டுங்கள்.

ஒரு வேண்டுகோள்: தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படிக்காதீர்கள். 'அப்போது' என்பதற்கும் 'அவ்வாறே' என்பதற்கும் தமிழ் எழுத்தில் ஒரே 'ததா'தான். சமஸ்கிருதம் எழுதும் தேவநாகரியில் இரண்டாவது எழுத்து வேறு. அந்த எழுத்துகளுக்குச் செலவிடும் இரண்டு வாரம் வீணாகாது.

மொழி வரலாற்றை நான் தனிப் பாடமாக நினைத்திருந்தேன். 1786இல் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று சொன்னார். அவர் சான்றாகச் சுட்டியவை வினை வேர்களும் இலக்கண வடிவங்களும். அதாவது நாம் உருப்போடும் இதே வடிவங்கள். சுலோகத்தில் உள்ள 'அஸ்தி' கிரேக்கத்தில் எஸ்தி, லத்தீனில் எஸ்த். தந்தையருக்கு என்பது சமஸ்கிருதத்தில் பித்ருப்ய:, லத்தீனில் பத்ரிபுஸ். வேர் மட்டுமல்ல, விகுதியும் உறவு சொல்கிறது.

இப்போது தமிழைப் பக்கத்தில் வையுங்கள். அவனுக்கு, அவர்களுக்கு, ஒருமையானாலும் பன்மையானாலும் 'கு' அப்படியே நிற்கிறது, பன்மைக்குத் தனி உறுப்பு சேர்கிறது. ராமாய, ராமேப்ய: என்பவற்றில் எண்ணும் வேற்றுமையும் ஒரே விகுதியில் கலந்துவிட்டன. எத்தனை சொற்களைக் கடன் வாங்கினாலும் மொழிக் குடும்பத்தை இந்த அமைப்புதான் காட்டிக் கொடுக்கும். 1816இல் சென்னையிலிருந்த ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் தென்மொழிகளைத் தனிக் குடும்பமாகக் காட்டியதையும், 1856இல் கால்டுவெல் அதை விரித்து எழுதியதையும் இந்த இடத்தில் சேர்த்தால் கட்டுரைக்கு வலு வரும். இரண்டாம் முறை நான் முதலில் எழுதியது அந்தக் கட்டுரையைத்தான், 'அஸ்தி'யில் தொடங்கி.