மிதக்கும் மொட்டுகள்

வெந்நீர் ஊற்றி இரண்டு நிமிஷம் ஆகிவிட்டது. கண்ணாடி டம்ளரில் தேயிலை மொட்டுகள் இன்னும் மேலேயே மிதக்கின்றன. இறங்கியது நாலோ அஞ்சோதான்.

மொட்டைப் போர்த்திய வெள்ளி ரோமம் காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. நனையட்டும்.

சீனாவின் ஃபூஜியன் மாகாணம், ஃபூடிங் பகுதியின் 'வெள்ளி ஊசி' என்ற வெள்ளை டீ இது. வசந்தத்தின் தொடக்கத்தில் பறிக்கும் மொட்டு மட்டும். கூடவே ஓரிரண்டு இலை சேர்ந்தால் 'வெள்ளை பியோனி' என்ற இன்னொரு ரகம். விலை குறைவு; குடிக்க அதுதான் ருசி என்பது என் கட்சி.

செய்முறை கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். வறுப்பதில்லை, உருட்டுவதில்லை. வாட்டி உலர்த்துவதோடு சரி.

அந்த வாட்டலில்தான் எல்லாம் இருக்கிறது. மூங்கில் தட்டில் மெல்லிசாகப் பரப்பி இரண்டு, மூன்று நாள். குவித்துப் போட்டாலோ, கை பட்டுக் கசங்கினாலோ மொட்டு சிவந்துவிடும். மழை ஈரத்தில் காயாமல் இழுத்தால் கறுக்கும்.

டீ போடும்போது சொதப்புவது அளவில். ஸ்பூன் கணக்கு உதவாது. பஞ்சு மாதிரி லேசு. 200 மி.லி. தண்ணீருக்கு 4 கிராம், தராசில் நிறுத்தே போடுங்கள். சூடு 80–85 டிகிரி. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் துவர்ப்பு ஏறும். நாலு நிமிஷத்தில் வடித்துவிடலாம். அதே மொட்டு இன்னும் இரண்டு தடவை தாங்கும்.

பால் கேட்காதீர்கள்.

டம்ளரில் டீயின் மேலே மினுங்குவது தூசி இல்லை, அந்த ரோமம்தான். டப்பாவை மட்டும் அஞ்சறைப்பெட்டி பக்கம் வைக்காதீர்கள், டீயில் சீரகம் மணக்கும்.